நாலாவது தண்ணி

எங்கள் சாயப்பட்டறையில் கலர் அறை ஒன்பதடிக்குப் பதினோரடி. நூலில் ஏறிய நிறத்தை வெயில் படாத வடக்கு வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும் என்பதால் வடக்குச் சுவரில் ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார்கள். ஜன்னலுக்குக் கீழே மேசை. மேசையில் ஒரு கம்ப்யூட்டர், பிரிண்டர், சாயப்பொடி நிறுக்கும் சின்னத் தராசு, மூடி போட்ட ஒரு பழைய சோடா பாட்டில். நான் அந்த அறையில் வேலை பார்ப்பவன் இல்லை. அடுத்த அறையான கிடங்கில் வருகிற நூலையும் போகிற நூலையும் பதிவு செய்பவன். இளம் வயதில் அருப்புக்கோட்டையில் ஒரு வருடம் மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தேன். அதனால் பட்டறையில் எந்தக் கம்ப்யூட்டர் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கலர் அறையில் உட்காருபவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். அக்கா என்று கூப்பிடுவேன். அவர் தறிக்காரக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். முதலாளியும் அதே கூட்டம்தான். நான் நரிக்குடிப் பக்கத்தில் நிலம் வைத்திருந்த சம்சாரிகளிடம் கூலிவேலை பார்த்த குடும்பத்தில் பிறந்து, இப்போது திருச்சுழியிலிருந்து தினமும் காலை ஏழு இருபது பஸ்ஸில் வந்து போகிறவன். எனக்குத் தெலுங்கு தெரியாது. இதைச் சொல்லக் காரணம் பின்னால் வரும்.

கம்ப்யூட்டரில் ஒரே ஒரு புரோகிராம்தான் ஓடும். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படமோ பொத்தானோ எதுவும் இல்லை. அது ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகப் பதினோரு கேள்வி கேட்கும். ஒன்றுக்குப் பதில் அடித்து எண்ட்டர் தட்டினால் அடுத்ததைக் கேட்கும். முதலாவது லாட்டு நம்பர், அதாவது சாயத்துக்கு வந்த நூல் தொகுதியின் எண். இரண்டாவது கலர் நம்பர். மூன்றாவது நூலின் எடை. நான்காவது தண்ணீரின் கடினத்தன்மை. அப்படியே போய், பதினோராவதாக எத்தனை பிரதி வேண்டும் என்று கேட்கும். பிறகு எந்தச் சாயம் எத்தனை கிராம், எவ்வளவு உப்பு, தண்ணீரின் கடினத்தைக் குறைக்க எவ்வளவு மருந்து என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்கும். தொட்டிக்காரர்கள் அந்தத் தாளை வைத்துத்தான் சாயம் போடுவார்கள். புரோகிராமை எழுதிக் கொடுத்தவர் பல வருடங்களுக்கு முன்பே ஊரைவிட்டுப் போய்விட்டார். அதைத் திறந்து திருத்த யாராலும் முடியாது. ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டிருந்தார்கள்.

அக்கா பதினோரு கேள்விக்கும் நாற்பது விநாடியில் பதில் அடித்துவிடுவார். ஒருமுறை கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறித்து வைத்தேன். அடிக்கும்போது அவர் கண் திரையில் இருக்காது. கையிலுள்ள லாட்டுச் சீட்டில் இருக்கும். பழக்கத்தின் வேகம் என்று நினைத்திருந்தேன்.

நான்காவது கேள்விக்கு மட்டும் முன்தயாரிப்பு உண்டு. எங்கள் பட்டறைக்குத் தண்ணீர் லாரியில் வருகிறது. சொந்த போர்வெல் வற்றிப் பல வருடமாகிறது. காலையில் தண்ணீர் வந்ததும் அக்கா தொட்டிக்குப் போய்ப் பாட்டிலில் பாதி பிடித்து, சீவிய சோப்பு ஒரு சிட்டிகை போட்டு, மூடி, இருபது தடவை குலுக்குவார். நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மனதுக்குள் எண்ணி, அதிலிருந்து கடினத்தைக் கணிப்பார்; நுரை குறையக் குறைய எண் ஏறும். பிறகு ‘பதினெட்டு’ அல்லது ‘முப்பத்தொண்ணு’ என்பார். அதுதான் அன்றைய நான்காவது பதில். கிடங்கின் வாசலில் நின்றுதான் குலுக்குவார் என்பதால் எண் என் காதில் விழும். நானும் என் நாட்குறிப்பில் அன்றைய வண்டிக்கு எதிரே அந்த எண்ணை எழுதிவிடுவேன். எழுத வேண்டிய அவசியம் எதுவுமில்லை. வண்டி வந்த நேரம், மின்சாரம் போன நேரம், மழை பெய்த நிமிடங்கள் எல்லாம் எழுதுகிற பக்கத்தில் அதற்கும் ஓர் இடம் இருந்தது.

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 9.35-க்கு மின்சாரம் போய், 9.50-க்கு வந்தது. பத்து மணிக்கு அக்கா கிடங்கு வாசலில் வந்து நின்று, சத்தமில்லாமல் கையை அசைத்து என்னைக் கூப்பிட்டார். போனேன். அச்சான தாளை நீட்டினார்.

“அரக்கு கேட்டா மஞ்சளக் குடுக்குது தம்பி. பாரு.”

தாளில் லாட்டு நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் கலர் நம்பர் 214 இருந்தது. கலர் நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் நூலின் எடையான 60 இருந்தது. எங்கள் பட்டியலில் 60 என்பது வெளிர் மஞ்சள். எடை இருக்கவேண்டிய இடத்தில் தண்ணீர் எண். எல்லாம் ஒரு படி மேலே ஏறியிருந்தன. காரணம் தெரிய அதிக நேரம் ஆகவில்லை. பாதி வேலையில் மின்சாரம் போய்விட்டால், அடுத்த முறை திறக்கும்போது புரோகிராம் முதலில் ஒரு கூடுதல் கேள்வி கேட்கும்: பழைய லாட்டைத் தொடரவா, வேண்டாமா? அன்று அக்கா அந்தக் கேள்விக்கு லாட்டு நம்பரை அடித்திருக்கிறார். அது ‘வேண்டாம்’ என்று எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போயிருக்கிறது. அங்கிருந்து எல்லாமே நகர்ந்துவிட்டன; கடைசியில் தாள் வராததால் இன்னொரு எண்ட்டர் தட்டியிருக்கிறார்.

கேள்வி திரையில் கொட்டை எழுத்தில்தான் வந்திருக்கும். அதை ஏன் கவனிக்கவில்லை என்று நான் கேட்பதற்குள் அக்காவே சொன்னார்.

“எனக்கு அத வாசிக்கத் தெரியாது. எண்ணித்தான் அடிப்பேன். மொதல்ல லாட்டு, ரெண்டு கலரு, மூணு எடை, நாலாவது தண்ணி. அப்படித்தான் சொல்லிக்குடுத்தாக.”

அவருக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்த பெண் கல்யாணமாகிப் போகும்போது இரண்டு நாளில் வரிசையைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வாசிக்கத் தெரியுமா என்று அப்போது முதலாளி கேட்டதற்குத் தெரியும் என்று அக்கா சொல்லிவிட்டார். அக்காவுக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும். கேட்டது எந்த மொழியை என்று அவரும் சொல்லவில்லை, இவரும் விசாரிக்கவில்லை. அப்படியே பதினாறு வருடம் ஓடியிருக்கிறது. இடையில் மின்சாரம் எத்தனையோ முறை போயிருக்கும். ஆனால் லாட்டு பாதியில் நிற்கும்போது போனது அபூர்வம். அப்படிப் போன நாட்களில் தாளைப் பார்த்தே தப்பைக் கண்டுபிடித்து, கிழித்துவிட்டுத் திரும்ப அடித்திருக்கிறார். அன்று என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம், திரும்ப அடித்தும் மஞ்சளே வந்ததுதான். அவசரத்தில் பிரிண்டரில் கிடந்த பழைய தாளின் இன்னொரு பிரதியையே உருவியிருந்தார். புதியது அடியில் கிடந்தது.

பொங்கல் முடிந்த வாரம் முதலாளி எல்லோரையும் கூட்டிச் சொன்னார். நூலை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனி நம்மிடம் சாயம் போடக் கேட்கிறது. அவர்கள் ஆள் ஒருவர் மாசிக் கடைசியில் வந்து பட்டறையைப் பார்ப்பார். ஒவ்வொரு மிஷின் முன்னாலும் நின்று, அதில் இருப்பவர் செய்வதைப் பார்ப்பார். மிஷினில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாதவர் அந்த மிஷினில் இருக்கக் கூடாது. அப்படி யாராவது இருந்தால் இப்போதே சொல்லிவிட்டால் களத்துக்கு மாற்றிவிடுவேன் என்றார்.

களம் என்பது சாயம் போட்ட நூலைக் காயவைக்கும் இடம். தண்ணீர் சொட்டும் நூல் கழிகளைத் தோளில் சுமந்துகொண்டு போய், குனிந்தும் நிமிர்ந்தும் மூங்கிலில் கோக்க வேண்டும். மேலே கூரை கிடையாது. அக்காவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவை. நாற்காலியிலிருந்து எழும்போதே மேசையைப் பிடித்துக்கொள்வார். களத்துக்குப் போ என்பது அவரைப் பொறுத்தவரை வீட்டுக்குப் போ என்பதற்குச் சமம். அன்று மதியம் அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, சாப்பிடாமலே மூடியதைப் பார்த்தேன். 

புரோகிராமைத் திருத்த முடியாது. ஆனால் அதற்கும் அக்காவுக்கும் நடுவே ஒன்றை உட்காரவைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. புரோகிராம் ஆங்கிலத்தில் கேட்பதை அது வாங்கிக்கொள்ளும். அக்காவிடம் தமிழில் கேட்கும். அக்கா சொல்லும் பதிலைப் புரோகிராமிடம் அடித்துக் கொடுக்கும். ஸ்கிரிப்ட் என்கிற சின்னப் புரோகிராம், சுமார் நூறு வரி போதும் என்று கணக்குப் போட்டேன். மாலை ஐந்தரைக்கு வேலை முடிந்து, ஆறு ஐம்பது பஸ்ஸுக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் எழுதினேன். பதினேழு மாலைகள் ஆனது.

தமிழில் கேட்பதைப் பிறகு சேர்க்கலாம், முதலில் பதில்களைப் புரோகிராமுக்குள் அனுப்ப முடிகிறதா என்று பார்த்தேன். பதினோரு பதில்களையும் ஒரு கோப்பில் எழுதி மொத்தமாக உள்ளே தள்ளினேன். முதல் கேள்விக்கு மட்டும் பதில் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு கேள்வியும் கேட்பதற்கு முன்னால், அதுவரை அடித்து வைத்த எழுத்தையெல்லாம் அந்தப் புரோகிராம் அள்ளிக் கொட்டிவிடுகிறது. கேட்ட பிறகு சொன்னால்தான் அதற்குக் காது கேட்கும்.

சரி, ஒவ்வொரு பதிலுக்கும் நடுவில் இரண்டு விநாடி பொறுத்து அனுப்பலாம் என்று எழுதினேன். ஆறு முறை ஒழுங்காக வந்தது. ஏழாவது முறை பிரிண்டர் எதற்கோ இழுத்தது. ஒரு கேள்வி தாமதமாக வந்தது. அந்தப் பதில் வீணாகி, மீதி எல்லாம் நகர்ந்துவிட்டன. அரக்குக்கு மஞ்சள். நான் எழுதியிருந்ததும் திரையைப் பார்க்காமல் எண்ணி எண்ணி அடிக்கிற ஒன்றுதான். தாளைப் பார்த்தே தப்பைக் கண்டுபிடிக்கவும் அதற்குத் தெரியாது.

கடைசியில், இதற்கென்றே உள்ள ஒரு கருவியை எடுத்தேன். அதன் இலக்கணம் எளிது: இந்தச் சொல் திரையில் தெரியும்வரை காத்திரு, தெரிந்ததும் இதை அனுப்பு. இது வந்தால் இப்படி, அது வந்தால் அப்படி என்று இரண்டு மூன்றை ஒரே இடத்தில் எதிர்பார்க்கவும் சொல்லலாம். மின்சாரக் கேள்விக்கு அது உதவியது. இன்னொரு சிக்கலையும் அந்தக் கருவி தீர்த்தது. எதிரே மனிதன் இல்லை, வேறொரு ஸ்கிரிப்ட்தான் இருக்கிறது என்று தெரிந்தால் எங்கள் புரோகிராம் கேள்விகளை வெளியே விடாமல் கடைசிவரை அடக்கி வைத்துக்கொள்ளும். கருவி அதன் முன்னால் ஒரு போலித் திரையையும் விசைப்பலகையையும் வைக்கிறது. யாரோ ஒருவர் நிதானமாக உட்கார்ந்து அடித்துக்கொண்டிருப்பதாகவே புரோகிராம் நம்பும்.

கேள்விகளைத் தமிழில் எழுதி அக்காவிடம் காட்டினேன். ‘தொகுதி எண்ணை உள்ளிடுக’ என்று ஆரம்பித்திருந்தேன். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“யாரு தம்பி கேக்குறது, தாசில்தாரா?”

அப்புறம் ஒவ்வொன்றையும் அவரே சொல்ல, நான் அடித்தேன். ‘லாட்டு நம்பரு?’ ‘என்ன கலரு?’ ‘எத்தன கிலோ?’ என்று குறைந்துகொண்டே வந்தது. மின்சாரக் கேள்விக்கு ‘கரண்டு போயி வந்துருக்கு. பழைய லாட்ட ஓட்டவா, விட்ரவா?’ என்று வைத்தார். வீட்டுப் பாஷையில் வேண்டுமா என்று கேட்டேன். அது பேசுவதற்குத்தான், எழுத அங்கே யாருக்குத் தெரியும் என்றார்.

நான்காவது கேள்வியில்தான் நான் புத்திசாலித்தனம் செய்தேன். வருகிறவர் முன்னால் சோப்பும் பாட்டிலும் கொண்டு குலுக்குவது நன்றாக இருக்காது என்று எனக்குப்பட்டது. மற்றப் பதில்கள் எல்லாம் சீட்டில் எழுதியிருப்பவை. இது ஒன்றுதான் எழுத்தில் இல்லாதது. ஆனால் என்னிடம் எழுத்தில் இருந்தது. எங்களுக்கு இரண்டு வண்டிகள் தண்ணீர் கொண்டுவருகின்றன. பச்சை வண்டி மல்லாங்கிணறு பக்கத்துக் கிணறு, நீல வண்டி குமாரலிங்கபுரம் பக்கத்துக் கிணறு. பட்டறையில் எல்லோருமே ‘பச்சத் தண்ணி’, ‘நீலத் தண்ணி’ என்றுதான் பேசுவார்கள். நாட்குறிப்பைப் புரட்டிக் கூட்டிப் பார்த்தேன். பச்சைக்கு நாற்பத்து மூன்று பதிவுகள். எல்லாம் பதினேழிலிருந்து பத்தொன்பதுக்குள். நீலத்துக்கு முப்பத்தெட்டு, முப்பதிலிருந்து முப்பத்திரண்டுக்குள். ஆக, ‘எந்த வண்டி?’ என்று கேட்டால் போதும். எண்ணை ஸ்கிரிப்டே அட்டவணையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும்.

அக்கா தயங்கினார். வண்டி அதே வண்டிதான், தண்ணி அதே தண்ணியா என்று கேட்டார். நான் நாட்குறிப்பை விரித்து எண்களை வரிசையாகக் காட்டினேன். எல்லாம் அவர் வாயால் சொன்ன எண்கள்தான். அவர் விரலால் தடவிக்கொண்டே வாசித்தார். பிறகு, எழுதி வைத்திருக்கிறாய், சரியாகத்தான் இருக்கும் என்றார். அன்றிலிருந்து பாட்டில் மேசையிலேயே இருந்தது.

மூன்று வாரம் ஸ்கிரிப்ட் ஒரு தப்பும் இல்லாமல் ஓடியது. அக்கா இப்போது திரையைப் பார்த்தே அடித்தார். வேகம் குறைந்து ஒன்றரை நிமிடம் ஆனது. வருகிறவர் வியாழக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது.

அந்த வாரத் திங்கள்கிழமை, 214-ஆம் நம்பர் அரக்கு, அறுபது கிலோ, முகூர்த்தச் சேலைகளுக்கான நூல், தொட்டியிலிருந்து எடுத்தபோது மங்கி, திட்டுத் திட்டாக இருந்தது. பழைய செங்கல்லின் நிறம். தொட்டிக்காரர்களில் ஒருவர் ஒரு நூல் கழியைத் தூக்கிப் பிடித்து மற்றவரிடம் கேட்டார்.

“ஏலே, இது கல்யாணத்துக்கா? கருமாதிக்குக்கூடக் கட்டமாட்டாகடா.”

கழுவினார்கள், சோப்பில் கொதிக்கவிட்டார்கள். திட்டுப் போகவில்லை. மறுநாள் காலை முதலாளி அக்காவையும் என்னையும் கலர் அறைக்கு வரச்சொல்லிக் கேட்டார். தொட்டிக்காரர்கள் தாளில் உள்ளபடிதான் போட்டிருக்கிறார்கள்; அப்படியென்றால் தாள்தான் தப்பு; தாள் எப்படித் தப்பாகும்? அக்கா பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.  ஸ்கிரிப்டைப் பற்றி முதலாளிக்குத் தெரியாது. அதைப் பற்றிச் சொன்னால் எதற்காக எழுதினாய் என்ற கேள்வி வரும். வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. அன்றைய நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: ‘காலை 9.10. முதலாளி கேட்டார். சொல்லவில்லை.’

புதன்கிழமை 8.40-க்குப் பச்சை வண்டி வந்தது. டிரைவர் குழாயை மாட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய், எங்கே பிடித்த தண்ணீர் என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

“அந்தக் கெணத்துல மோட்டாரு எரிஞ்சு அஞ்சு நாளாச்சுண்ணே. நரிக்குடி ரோட்டுல ஒரு போர்ல அடிச்சுட்டு வாரேன்.”

“சொல்லலையேப்பா.”

“யாரு கேட்டீக? தண்ணி வந்துருச்சான்னுதான கேப்பீக.”

அக்கா பாட்டிலை எடுத்து வந்தார். இருபது குலுக்கு. நுரை எழும்பவே இல்லை. மேலே வெள்ளையாகத் திரிந்து நின்றது. முப்பத்தெட்டு இருக்கும், நாற்பதுகூட இருக்கலாம் என்றார். என் அட்டவணை பதினெட்டு என்று கொடுத்திருந்தது. அதனால் புரோகிராம் தண்ணீர் மருந்தைப் பாதிக்கும் குறைவாகக் கணக்கிட்டிருந்தது. நாற்பத்து மூன்று பதிவுகளையும் நான் வண்டியின் நிறத்துக்கு எதிரே எழுதியிருந்தேன். ஒன்றுகூடக் கிணற்றுக்கு எதிரே எழுதியதில்லை.

முதலாளியிடம் நான்தான் போய்ச் சொன்னேன், தண்ணீர் மாறிவிட்டது என்று. அக்காவும் கூட வந்தார். கிணற்று மோட்டார், போர், டிரைவர் சொல்லாதது எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாம் உண்மைதான். அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். முதலாளி கேட்டுவிட்டு, அக்காவின் பக்கம் திரும்பினார்.

“தெனமும் பாட்டில் குலுக்குவீகளே. திங்கக்கெழம குலுக்கலையா?”

முதலாளிக்குப் பாட்டிலைப் பற்றித் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. பதினாறு வருடமாக மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். குலுக்கவில்லை என்றால் அது அக்காவின் கவனக்குறைவு. குலுக்கினேன் என்றால் பொய். குலுக்க வேண்டாம் என்று சொன்னது நான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா பேசிவிட்டார்.

“எனக்கு அந்த இங்கிலீசு வாசிக்கத் தெரியாதுங்க. அன்னைக்குத் தெரியும்னு சொன்னது பொய்யி. எண்ணித்தான் அடிச்சேன். வாரவுக முன்னாடி அசிங்கப்படக் கூடாதுன்னு தம்பி தமிழ்ல கேக்குற மாதிரி எழுதிக் குடுத்துச்சு. அதுல தண்ணிக்கு மட்டும் பொஸ்தகத்தப் பாத்துப் போட்டுச்சு. நானும் சரின்னுட்டேன்.”

 முதலாளி தெலுங்கில் ஏதோ கேட்டார். அக்கா தெலுங்கில் பதில் சொன்னார். ஆறு நிமிடம் பேசினார்கள். குரல் உயரவில்லை. இடையில் அக்கா ஒருமுறை முழங்காலைத் தொட்டுக் காட்டினார். முதலாளி ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு மறுபடி பேசினார். அந்த ஆறு நிமிடத்தில்தான் எல்லாம் முடிவானது. அந்த ஆறு நிமிடத்தைப் பற்றி என்னால் எழுத முடிந்தது நேரத்தை மட்டும்தான்.

பிறகு முதலாளி தமிழுக்கு வந்தார். அந்த அறுபது கிலோவைக் கறுப்பாக்கிவிடச் சொன்னார். கெட்டுப்போன எந்த நிறமும் கடைசியில் கறுப்பாகத்தான் ஆகும். என்னிடம் சொன்னது இது:

“நாளைக்கு அவுகதான் உக்காருவாக. அந்தப் பொஸ்தகக் கணக்க எடுத்துரு. வர்றவரு கேட்டா, இருக்கறத அப்படியே சொல்லுங்க. களமா நாற்காலியான்னு அப்பறம் பாப்போம்.”

அன்று மாலை அட்டவணையை அழித்தேன். நான்காவது கேள்வியை ‘நுரை பாத்தாச்சா? எம்புட்டு?’ என்று மாற்றினோம். இன்னொன்றையும் மாற்ற வேண்டியிருந்தது. நான் எடுத்த கருவிக்கு இயல்பாகப் பத்து விநாடிப் பொறுமைதான் உண்டு. அதற்குள் எதிர்பார்த்தது வராவிட்டால், வரவில்லை என்று முடிவுசெய்து அடுத்த வரிக்குப் போய்விடும். நான்காவது கேள்வியில் அந்த எல்லையை எடுத்துவிட்டு, எவ்வளவு நேரமானாலும் காத்திரு என்று வைத்தேன். சோதித்துப் பார்த்தேன். அக்கா வேண்டுமென்றே வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். கேள்வி அப்படியே நின்றது.

வியாழக்கிழமை 10.05-க்கு மின்சாரம் போய், 10.20-க்கு வந்தது. 10.40-க்கு அந்தக் கம்பெனி ஆள் வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கையில் அட்டை வைத்த படிவம். முதலாளி வாசலில் நின்றார். நான் கிடங்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா உட்கார்ந்து புரோகிராமைத் திறந்தார். காலையில் லாட்டு பாதியில் நின்றிருந்ததால் முதலில் வந்தது மின்சாரக் கேள்விதான். அக்கா அதை உதடு அசைய வாசித்து, ‘விட்ரு’ என்பதற்கான எழுத்தை அடித்தார். லாட்டு, கலர், கிலோ. நான்காவது வந்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பாட்டிலை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார்.

வந்தவர் வெறும் நாற்காலியையும் திரையையும் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இது என்ன என்று முதலாளியிடம் கேட்டார். தண்ணீர் பார்க்கப் போயிருக்கிறார், வந்தால்தான் மேலே போகும் என்று முதலாளி சொன்னார். நான்கு நிமிடம் இருபது விநாடி. அக்கா வந்து உட்கார்ந்து முப்பத்தொன்பது என்று அடித்தார். அன்றைக்கும் பச்சை வண்டிதான்.

வந்தவர் குனிந்து திரையிலிருந்த தமிழ் வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். ‘எம்புட்டு’ என்ற இடத்தில் லேசாகச் சிரித்தார். படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் போட்டார். அவர் போன பிறகு பிரதியை வாங்கிப் பார்த்தேன். அந்தக் கட்டத்துக்கு எதிரே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது, வேலை செய்கிறவருக்குப் புரிகிற மொழியில் செய்முறை இருக்கிறதா என்பதுதான். முதலாளி அதை ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டிருந்தார். பாட்டிலைப் பற்றியும் வந்தவர் ஒரு வரி எழுதியிருந்தார்: கருவி வாங்கலாம், அதுவரை இது தொடரலாம்.

களமா நாற்காலியா என்பதை முதலாளி அப்புறம் பேசவே இல்லை. அக்கா மறுநாள் கலர் அறைக்கே வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். அடுத்த வாரம் முதலாளி அந்த நாற்காலிக்கு ஒரு மெத்தை வாங்கி அனுப்பினார். அதைத்தான் பதிலாக எடுத்துக்கொண்டோம். தெலுங்கில் என்ன பேசினீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். திட்டினார், வேறென்ன என்றார் அக்கா. ஆறு நிமிடமா என்றேன். நான் திட்டியதும் அதில்தான் இருக்கிறது என்றார்.

இப்போது நாட்குறிப்பில் வண்டியின் நிறத்துக்குப் பக்கத்தில், டிரைவரைக் கேட்டுக் கிணற்றையும் எழுதுகிறேன். அக்கா சொல்லும் எண்ணும் இருக்கிறது. ஆனால் அவற்றை எடுத்து வேறெங்கும் பயன்படுத்துவதில்லை.

போன மாதம் அக்கா ஸ்கிரிப்டில் ஒரு மாற்றம் கேட்டார். கேள்விகளுக்கு முன்னால் நம்பர் போட வேண்டும். இப்போதுதான் வாசிக்க முடிகிறதே, நம்பர் எதற்கு என்றேன்.

“வாசிக்கிறேன். ஆனா எண்ணாம இருந்தா கை ஓடமாட்டேங்குது தம்பி.”

ஒன்று முதல் பதினொன்றுவரை போட்டுக் கொடுத்தேன். மின்சாரக் கேள்விக்கு மட்டும் என்ன நம்பர் என்று கேட்டேன். அது வந்தாலும் நாலாவது தண்ணியாகத்தான் இருக்க வேண்டும், அதற்கு சைபர் போடு என்றார். போட்டேன். நேற்று 11.15-க்கு மின்சாரம் போனது. 11.30-க்கு வந்ததும் பக்கத்து அறையில் அவர் சைபர் என்று சொல்லி ஆரம்பித்து எண்ணுவது கேட்டது. நாலில் நிறுத்தினார். பாட்டில் மூடி திறக்கும் சத்தம் வந்தது.